முப்பத்தொன்பது கோட்டுகள்

கந்தப்பன் பதிவேட்டில் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் சாதுவான ஆளுக்கும் எரிச்சல் வரும். அடிமட்டத்தை வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவார். பென்சில் முனையை நகத்தில் உரசிப் பார்ப்பார். அப்புறம்தான் கோடு விழும். அதற்குள் நான் ஒரு முழுப் பக்கக் கடிதத்தை டைப் அடித்து, கார்பன் தாளை உருவி, டீக்கும் சொல்லியனுப்பியிருப்பேன். பக்கத்து மேஜையில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் வேலை பார்த்தேன் என்பதற்காகவே அரசாங்கம் எனக்குத் தனியாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

நான் பியாட்ரிஸ். அறுபத்தொன்பதில் ஊட்டியில் ஒரு வன அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்பா அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வெடிமருந்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண், அதனால்தான் மூக்கு நுனியில் கோபம் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். கந்தப்பன் மட்டும் பேசமாட்டார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவருக்கு நான் "மிஸ்"தான். "ஏனுங்க மிஸ், இந்த வரியைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று ஆரம்பித்தால், நான் அடித்த தாளில் ஒரு கால்புள்ளி குறைகிறது என்று அர்த்தம்.

அவர் மேட்டுப்பாளையத்துக்காரர். இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்று மலை ஏறியவர், இருபத்தேழு வருடம் இருந்துவிட்டார். குளிரை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஜூன் மாதம் வந்தால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மூடின ஜன்னலையே நாலு தரம் மூடிப் பார்ப்பார். அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. வருடத்துக்கு ஒரு முறை பணிப்பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் நாளில், இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுவார். சிவப்பு மையில் ஒரு வரி இருக்காது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு விளக்கம் கேட்பு இல்லை. மூடி வைத்துவிட்டு அன்றைக்கு எங்களுக்கெல்லாம் டீயோடு கடிக்க வர்க்கி வாங்கித் தருவார்.

எழுபத்து நான்கில் புதிய வனவிலங்குச் சட்டம் எங்கள் பக்கம் அமலுக்கு வந்தது. யார் வீட்டில், யார் கடையில் விலங்குத் தோலோ கொம்போ இருந்தாலும் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத தோல் திருட்டுத் தோல். மலை முழுக்க ஒரே அமளி. எஸ்டேட் பங்களாக்களின் சுவர்களில் அதுவரை நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்த சிறுத்தைத் தலைகளும் காட்டெருமைக் கொம்புகளும் திடீரென்று அரசாங்க விஷயமாகிவிட்டன. குன்னூரில் ஒரு துரைசானியம்மா, குடை செருகி வைத்திருந்த பாடம் செய்த கரடியையே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டாள். வயிற்றுக்குள் வைக்கோலும் வாய்க்குள் இரண்டு குடையுமாக அது வந்து இறங்கியது. குடைகளைத் தனியாகக் குறிப்பிடுவதா வேண்டாமா என்று கந்தப்பன் அரை நாள் யோசித்தார்.

பித்தளை முத்திரையும் ஊதா மைக் குப்பியும் அவர் பொறுப்பு. எந்தத் தோலிலும் அவர் குத்திய முத்திரை கோணலாக விழுந்து நான் பார்த்ததில்லை.

ஊட்டியில் சண்முகசுந்தரத்தின் கடைதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை. கமர்ஷியல் ரோட்டில் கண்ணாடி வைத்த கடை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு உரோமக் கோட்டு, தொப்பி, கைப்பை விற்பார், கப்பலிலும் அனுப்புவார். அவர் சரக்கில் உயர்ந்தது நீர்நாய்த் தோல் கோட்டு. ஓடையில் மீன் பிடித்துத் திரியும் அந்தப் பிராணிக்கு உள்முடி அவ்வளவு அடர்த்தி. ஊதினாலும் விலகாது, தண்ணீர் உள்ளே இறங்காது. பனி கொட்டும் தேசத்துப் பெண்களுக்கு அதைப் போட்டுக்கொண்டு நடப்பது கௌரவமாம். ஒரு கோட்டுக்குப் பத்துக்கு மேல் நீர்நாய் வேண்டும். இதைக் கேட்ட அன்று நான் என் கம்பளிச் சட்டையை ஒரு மாதிரியாகத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஆட்டுக்கு முடி திரும்ப முளைக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடையில் நீர்நாய்க் கோட்டு நாற்பத்தொன்று இருந்தது. சட்டம் சொன்னது இதுதான்: இருக்கிற நாற்பத்தொன்றை விற்றுக்கொள்ளலாம், ஒவ்வொன்றையும் எங்களிடம் அனுமதி வாங்கித்தான் விற்க வேண்டும். புதிதாக ஒன்றுகூடத் தைக்கக் கூடாது. பழையதையும் புதியதையும் பிரித்துச் சொல்லப்போவது முத்திரை ஒன்றுதான். அதனால் அதைத் தோலின் உட்புறத்திலேயே குத்த வேண்டும். கோட்டின் உள்ளே பட்டு லைனிங் இருக்கும். அதை ஒரு சாண் பிரித்து, தோலில் குத்தி, திரும்பத் தைக்க வேண்டும்.

பட்டியல் எடுக்க நானும் போயிருந்தேன். வெளியே மழை. கடையின் பின்கட்டில் தையல்காரர் சுபுஹான் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி. நாற்பத்தொரு கோட்டையும் கையாலேயே தைத்தவர் அவர்தான். முதல் கோட்டைப் பிரித்தார். தோலின் உட்புறத்தில் பட்டுநூலால் சின்னச் சின்ன ஒட்டுகள் தெரிந்தன.

"இது என்னங்க பாய்?" என்று கந்தப்பன் கேட்டார்.

"துப்பாக்கிக் குண்டு, ஐயா. சில்லுச் சில்லா பாயும்ல, அந்த ஓட்டை. பின்னாலேருந்து மூடிட்டா முன்னால முடியில தெரியாது."

கந்தப்பன் கோட்டைத் திருப்பி முடிப் பக்கத்தைப் பார்த்தார், மறுபடி உட்புறத்தைப் பார்த்தார். "ஊசி போன தடமே தெரியிலீங்களே" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அது. எனக்கெல்லாம் அப்படி ஒன்று கிடைத்ததே இல்லை.

முதல் கோட்டை முடித்து, இரண்டாவதையும் முடிக்க மதியமாகிவிட்டது. லைனிங்கைத் திரும்பத் தைக்கும்போது சுபுஹான் நூலைக் கோக்க ஏழெட்டுத் தரம் முயன்றார். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல ஐயா, கண்ணுல பூ விழுந்திருக்கு. முதலாளிகிட்ட சொல்லாதீங்க, வேற ஆளை வெச்சுருவாரு" என்றார். இன்னும் முப்பத்தொன்பது இருந்தது. பிரிப்பதும் தைப்பதுமாக அந்தக் கண்ணோடு ஒரு மாதம் ஆகும்.

கந்தப்பன் மூன்றாவது கோட்டை எடுத்தார். அதைப் பிரிக்கச் சொல்லவில்லை. லைனிங் துணியின் மேலேயே, நேராக, அழகாக, முத்திரையைக் குத்தினார். அடுத்தது. அதற்கடுத்தது. சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பதும் முடிந்தது. பதிவேட்டில் அச்சடித்த வாசகம் ஒன்று உண்டு: "தோலின் உட்புறத்தில் முத்திரை இடப்பட்டது." அதற்கு எதிரே எல்லாவற்றுக்கும் சரி என்று குறித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் பட்டியலை எழுதி, அலுவலகம் வந்து டைப் அடித்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷம்தான் பட்டேன்.

நான்கு வருடம் ஓடியது. வருடா வருடம் கந்தப்பன் கடைக்குச் சரிபார்க்கப் போவார். சண்முகசுந்தரம் தோலில் முத்திரை உள்ள அந்த இரண்டு கோட்டையும்தான் முதலில் விரித்துக் காட்டுவார், பிறகு மற்றதெல்லாம் வரிசையாகத் தொங்கும். எப்போது போனாலும் ஏறக்குறைய அத்தனையும் இருக்கும். வியாபாரம் படுத்துவிட்டது என்று சண்முகசுந்தரம் அலுத்துக்கொள்வார். பாவம் என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம்.

எழுபத்தெட்டு ஏப்ரலில், ஒரு காலை வேளையில், வாட்சர் சுடலை சாக்குப் பையோடு வந்தார். பைக்காரா பக்கம் ஓடைகளைச் சுற்றிவருவது அவர் வேலை. பையிலிருந்ததை என் மேஜையில் வைக்கப் போனார், நான் போட்ட சத்தத்தில் கந்தப்பனின் மேஜைக்குப் போனார். செய்தித்தாளை விரித்து வைத்தார். பல் வைத்த இரும்புப் பொறி. இரண்டு பல்வரிசையும் கவ்விக்கொண்டிருந்த நடுவில் ஒரு கால் மட்டும் இருந்தது. குழந்தையின் கையளவு பாதம், விரல்களுக்கு நடுவே மெல்லிய தோல்.

"நீர்நாய், ஐயா. தானே கடிச்சு அறுத்துக்கிட்டுப் போயிருக்கு" என்றார் சுடலை. "இந்த வருசத்துல இது மூணாவது பொறி. மத்த ரெண்டுலயும் ரத்தம் மட்டுந்தான் இருந்துச்சு. தோலை உரிச்சுக்கிட்டுப் போயிட்டானுவ."

"உசுரோட இருக்குமுங்களா?" என்று கேட்டார் கந்தப்பன்.

"மூணு காலை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு மீன் பிடிக்கும்?"

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது கந்தப்பன் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பொறி ஒன்று, அதில் முன்னங்கால் ஒன்று என்று எழுதி முடித்திருந்தார். மதியம் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. தயிர்சாதத்தைச் சுடலையிடம் கொடுத்துவிட்டார்.

அப்போது எங்கள் ரேஞ்சர் பவுல்ராஜ். துடிப்பான ஆள், ஊட்டிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பொறி வைக்கிறவனை ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிடித்துவிடலாம், உரித்த தோல் எங்கே போகிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எல்லாக் கடையும் சோதித்தாயிற்று. எங்கேயும் புதுத் தோல் இல்லை. இருக்கிற தோலுக்கெல்லாம் பழைய முத்திரை இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. எங்கள் அனுமதிச் சீட்டோடு சண்முகசுந்தரம் வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆறு நீர்நாய்க் கோட்டு. சுங்க அதிகாரி ஒருவருக்குச் சந்தேகம். லைனிங் வெளுத்து நைந்திருக்கிறது, மேலே முடி மட்டும் நேற்றுக் குளித்தது மாதிரி மின்னுகிறது, முத்திரை உங்களுடையதுதானா என்று எழுதியிருந்தார்.

கந்தப்பன்தான் பெட்டியைப் பிரித்தார். முதல் கோட்டின் உட்புறத்தைத் திருப்பினார். ஊதா முத்திரை நேராக, அழகாக இருந்தது. அடுத்ததைப் பார்த்தார். ஆறிலும் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பழைய கோட்டைப் பயணிகளிடம் ரகசியமாக விற்றுவிடுவது, அதன் லைனிங்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது, பொறியில் பிடித்த நீர்நாயின் தோலை அந்த லைனிங்குக்குள் வைத்துத் தைப்பது. முத்திரை உண்மையான முத்திரை. குத்தியவர் கந்தப்பன். நான்கு வருடமாக அந்தக் கடையில் கோட்டு குறையாமல் தொங்கியதற்கு அதுதான் காரணம்.

பவுல்ராஜ் பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் குதித்தார். "கந்தப்பன், உங்க பதிவேடு தங்கம்! தோலின் உட்புறத்துல முத்திரைன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு அந்த ஆளை வெச்சுக்கிட்டே லைனிங்கைப் பிரிப்போம். தோல்ல முத்திரை இருக்காது. அப்ப அது புதுத் தோலுன்னு ஆயிடும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும், தோல்லதான் குத்தினேன்னு. ஆள் தீர்ந்தான்."

கந்தப்பன் "சரிங்க" என்றார்.

அன்று டீ வேளையில் அலுவலகத்துக்குப் பின்னால், யூகலிப்டஸ் மரத்தடியில் இருவரும் நின்றோம். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொய் சொல்லும்படி நான்தான் அவரிடம் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தோல்ல குத்தினேன்னு சொல்லிடுங்க. அவன் மாட்டுவான், நீங்க தப்பிப்பீங்க. லைனிங்ல குத்தினேன்னு சொன்னீங்கன்னா, தோல் பழசுதான்னு அவன் சாதிச்சுட்டுப் போயிடுவான். உங்களுக்கு ரிடையர்டாக இன்னும் ஏழு மாசம். பென்ஷன்ல கை வெப்பாங்க."

"காலையிலிருந்து நானும் அதையேதானுங்க மிஸ் நெனச்சுட்டு இருக்கறேன்."

"அப்புறம் என்ன?"

"அந்தக் காலு என்ற கண்ணுலயே நிக்குதுங்க. நான் துணியில குத்தினதுக்கு அது காலை வெச்சுட்டுப் போயிருக்குது."

"அதுக்காகத்தான் சொல்றேன், அவனைப் பிடிச்சுக் குடுங்க!"

"பிடிக்கோணுமுங்க. ஆனா அன்னைக்குப் பதிவேட்டுல எழுதினது ஒரு பொய்யி. அதுலதான் இத்தனையும் நடந்துபோச்சு. நாளைக்குச் சொல்றது ரெண்டாவுது. அதுல என்னென்ன நடக்குமோ, ஆரு கண்டது?" டம்ளரில் டீ ஆறி ஆடை படர்ந்திருந்தது. அதை அப்படியே குடித்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நல்லவர்களோடு வேலை பார்ப்பது சில நாள் பெரிய தொல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ரேஞ்சர் அறையில் கூடினோம். மேஜை மேல் ஆறு கோட்டு. சண்முகசுந்தரம் சந்தன நிறச் சட்டையில், குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, நிதானமாக உட்கார்ந்திருந்தார். லைனிங்கைப் பிரிப்பதற்கென்று சுபுஹானையும் வரவழைத்திருந்தார்கள். அவருக்கு இப்போது இரண்டு கண்ணும் மங்கியிருந்தது. கந்தப்பன் சுவரோரம் நின்றார். நான் டைப்ரைட்டரோடு மூலையில். யார் என்ன சொன்னாலும் அப்படியே அடிக்க வேண்டும் என்பது உத்தரவு.

சுபுஹான் ஒரு சாண் பிரித்தார். தோலின் உட்புறம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முத்திரை இல்லை. பவுல்ராஜ் பதிவேட்டைத் திருப்பி சண்முகசுந்தரத்தின் முன்னால் வைத்தார்.

சண்முகசுந்தரம் அதைப் படித்தார். பதறவில்லை. "ஏனுங்க ரேஞ்சர் சார், முத்திரையை லைனிங்லதான் குத்தினாங்க. உங்க ஆளே குத்தினது. தோலு அதே பழைய தோலுதானுங்க, நல்லா வெச்சிருந்தோம், அதான் வெள்ளையா இருக்குது. நான் சொன்னா நம்பமாட்டீங்க. கந்தப்பண்ணனையே கேளுங்க. அவரு பொய் சொல்லமாட்டாருங்கறது ஊட்டிக்கே தெரியுமுங்களே."

இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் குடையை எடுத்து அவர் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது. கந்தப்பனின் யோக்கியதையைத் தனக்குக் கவசமாக மாட்டிக்கொண்டார் மனிதர். பவுல்ராஜ் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்க கந்தப்பன்" என்றார்.

கந்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இன்றைக்குமா என்று நான் பல்லைக் கடித்தேன்.

"நாப்பத்தொண்ணுல ரெண்டு மட்டுந்தானுங்க தோல்ல குத்தினது. மீதி முப்பத்தொம்பதும் லைனிங்லதான் குத்தினேன். பதிவேட்டுல தோலுன்னு எழுதினது தப்புங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்."

அதையும் நான் அப்படியே அடித்தேன். பவுல்ராஜுக்கு முகம் கருத்துவிட்டது. "ஏன்?" என்றார்.

"பிரிச்சுத் தைக்க நாளாகுமுங்க. தைக்கறவருக்குக் கண்ணு தெரியில. பாவமா இருந்துது. பாவம் பாக்கறது வேற, பதிவேட்டுல எழுதறது வேறைன்னு அன்னைக்குத் தோணுலீங்க."

"கூட யார் இருந்தா?"

என் விரல் நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மிஸ் இருந்தாங்க. நான் என்ன சொன்னனோ அதைத்தான் எழுதினாங்க" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கும் தெரியும் என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொன்ன அந்த வரியை நானே அடித்தேன், முற்றுப்புள்ளியும் வைத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த முற்றுப்புள்ளியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சண்முகசுந்தரம் குடையைக் கையில் எடுத்தார். "அப்ப நான் வரலாமுங்களா சார்?"

"ஒரு நிமிசம் இருங்க முதலாளி" என்று ஒரு குரல் வந்தது. சுபுஹான். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. பிரித்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தோலின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றதையும் அந்த அம்மாவை அடிக்கச் சொல்லுங்க, சார். பழைய தோலெல்லாம் துப்பாக்கியில சுட்டது. தோலுக்குத் தோல் அஞ்சாறு ஓட்டை இருக்கும். எல்லாத்தையும் பட்டுநூல் போட்டு மூடினது நான்தான். இந்தக் கோட்டுல ஒரே ஒரு ஒட்டு காட்டச் சொல்லுங்க பாப்போம். எனக்குக் கண்ணுதான் போச்சு, விரலு போகல. இதுல ஓட்டையே கிடையாது. பொறியில மாட்டினா காலு மட்டுந்தான் போகும், ஒடம்புல கீறல்கூட விழாது. அதுக்காகத்தான் முதலாளி பொறித் தோலா கேட்டு வாங்குறாரு."

"பாய், என்ன பேசறீங்க!" என்று சண்முகசுந்தரம் எழுந்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"இதையெல்லாம் தைச்சது யாரு?" என்று பவுல்ராஜ் கேட்டார்.

"நான்தான் சார். இந்த ஆறும் போன தை மாசம் தைச்சது. முன்னாலயும் நிறைய."

"உங்க மேலயும் கேஸ் வரும். தெரியுமா?"

"வரட்டும் சார்." சுபுஹான் கந்தப்பன் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார். "என் கண்ணுக்காக இரக்கப்பட்ட மனுசன். அவரு தன் தலையைக் கொண்டுவந்து குடுக்கிறாரு. நான் ஊசியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா என்ன மனுசன் நான்?"

கந்தப்பன் மப்ளர் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே கடைக்குப் போய், தோலில் முத்திரை உள்ள அந்த இரண்டு கோட்டையும் எடுத்துவந்தார்கள். ஒவ்வொரு தோலிலும் பட்டுநூல் ஒட்டு இருந்தது. பெட்டியில் இருந்த ஆறில் ஒன்றுகூட இல்லை. கடையில் தொங்கிய மற்றவற்றைப் பிரித்தார்கள். இருபத்தெட்டில் ஒட்டு இல்லை. வழக்கு மூன்று வருடம் இழுத்தாலும் அந்தத் தோலை எதிர்த்து எந்த வக்கீலாலும் பேச முடியவில்லை. கடை மூடியது, சண்முகசுந்தரம் கோயம்புத்தூர் சிறைக்குப் போனார். பைக்காரா ஓடையில் அதற்குப் பிறகு பொறி கிடைக்கவில்லை என்று சுடலை சொன்னார். சுபுஹான் அரசுத் தரப்புச் சாட்சியானதால் தண்டனையில்லாமல் தப்பினார். தர்ம ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, மார்க்கெட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பொத்தான் வைத்துக் கொடுத்தார்.

கந்தப்பனைத் துறை விடவில்லை. தெரிந்தே பொய்ப் பதிவு செய்ததற்கு, ஏற்கெனவே கொடுத்த மூன்று வருட ஊதிய உயர்வு ரத்து. பென்ஷன் குறையும். பணிப்பதிவேட்டில் கண்டனம், சிவப்பு மையில். பவுல்ராஜ் தன்னால் முடிந்தவரை மேலே எழுதிப் பார்த்தார். எழுத எழுத, விதி விதிதான் என்று பதில் வந்துகொண்டிருந்தது.

அந்த உத்தரவை டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன், வேறு டைப்பிஸ்ட் இல்லை. அழுதுகொண்டே அடித்தேன். அழுகையில் பாதி கோபம். அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம். நாலு நகல் எடுத்து, அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் என் இடத்துக்கு வந்தேன். அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டும் சத்தம் கேட்டது. தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. அடிமட்டத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏனுங்க மிஸ், இந்த வரியைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "இதுலயுமா கால்புள்ளி?" என்று கத்திவிட்டேன்.

"இல்லீங்க." பென்சிலால் ஒரு சொல்லின் கீழே, அடிமட்டம் வைத்து, கோடு போட்டிருந்தார். 'நாற்பத்தொரு கோட்டுகளிலும் முறைகேடாக முத்திரையிட்டு' என்று மேலிடத்திலிருந்து வந்த வாசகத்தை நான் அப்படியே அடித்திருந்தேன்.

"முப்பத்தொம்பதுதானுங்க மிஸ்" என்றார் கந்தப்பன். "ரெண்டு சரியாத்தான் குத்தினேன்."

நான் நாலு நகலையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் சொருகினேன். பாதி அடித்ததும் நிறுத்தி, "கோட்டுப் பட்டியலை எழுதினப்ப எனக்கும் தெரியும்னு ரேஞ்சர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

"மொதல்ல இதை அடிச்சு முடிங்க மிஸ்" என்றார் அவர். "அவரு நாலு மணி வரைக்கும் இருப்பாருங்க."